75 ரூபாய்க்கு ஒரு விதிவிலக்கு
சிண்டிகேட் அறையில் - 7

1913 பிப்ரவரி 25. இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்தார். துறைமுகக் கழகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் தன் அலுவலகக் குமாஸ்தா ஒருவரின் கணக்குகளைக் காட்டினார். சரக்குக் கணக்கு அல்ல, கணிதம். மறுநாளே வாக்கர் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதிவிட்டார்: இந்த இளைஞர் சில ஆண்டுகளாவது பிழைப்புக் கவலை இல்லாமல் கணிதத்தில் இருக்கப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும்.

குமாஸ்தாவின் பெயர் ராமானுஜன். வயது 25. மாதச் சம்பளம் 30 ரூபாயைத் தாண்டாது.

கடிதம் போன இடத்தில் பழைய சிக்கல் ஒன்று காத்திருந்தது. மார்ச் 19 அன்று கூடிய கணிதப் பாடத்திட்டக் குழு, பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் அனுமந்த ராவ் தலைமையில், மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வு உதவித்தொகை தரலாம் என்று பரிந்துரைத்தது. குழுவுக்குக் கணிதம் தெரியும்; ஆனால் பணத்தை அவிழ்ப்பது பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட். அந்த உதவித்தொகையோ முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. இங்கே முதுகலை இருக்கட்டும், இளங்கலைகூட இல்லை. கணிதம் தவிர மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு, இளங்கலைக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்விலேயே தோற்றவர். விதிப்படி பார்த்தால் கோப்பை அன்றே மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தால் யாரையும் குறை சொல்லவும் முடியாது.

சிண்டிகேட்டில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் விதியைப் புரட்டவில்லை, சட்டத்தைப் புரட்டினார். ஆய்வை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் வேலைகளில் ஒன்று என்று சட்டமே சொல்லும்போது, நம் விதி எப்படிக் குறுக்கே நிற்கும் என்பது அவர் வாதம். அதற்குப் பின்புலம் உண்டு. 1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம் வெகுகாலம் தேர்வு வைத்துப் பட்டம் தரும் அலுவலகமாகத்தான் இருந்தது. வைஸ்ராய் கர்சன் காலத்தில் வந்த 1904-ம் ஆண்டுச் சட்டத்தின் 3-ம் பிரிவுதான் கற்பித்தலையும் ஆய்வையும் அதன் பொறுப்பில் சேர்த்தது. அந்தப் பிரிவையும் 1857 சட்டத்தின் 15-ம் பிரிவையும் சுட்டிக்காட்டி, கவர்னரின் ஒப்புதலோடு இப்படி ஒரு சிறப்பு உதவித்தொகை தரலாம் என்று அரசுக்கு எழுதினார்கள். எங்கள் விதிகளில் இதற்கு இடமில்லை என்பதையும் மறைக்காமல் அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்புதல் வந்தது. சும்மா அல்ல. ஏப்ரல் 9 தேதியிட்ட பதிவாளர் கடிதத்தின் இரண்டாவது பத்தி ஒரு நிபந்தனை வைத்தது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை. ஆகஸ்ட் 5-ல் முதல் அறிக்கை, நவம்பர் 7-ல் இரண்டாவது, 1914 மார்ச் 9-ல் மூன்றாவது. முகப்புக் கடிதத்தில் பதிவாளரின் கடித எண், தேதி, பத்தி எண் எல்லாவற்றையும் குமாஸ்தா பழக்கம் மாறாமல் குறித்திருந்தார் ராமானுஜன். உள்ளே இருந்தது தொகையீடுகளைக் கணக்கிடும் புது வழி. இன்று கணிதவியலாளர்கள் அதை ‘மாஸ்டர் தேற்றம்’ என்கிறார்கள்.

மூன்றாவது அறிக்கை கொடுத்த எட்டாம் நாள் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். உதவித்தொகை ஆண்டுக்கு 250 பவுண்டு. அதுவும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பணம்தான். கேம்பிரிட்ஜும் தன் பங்குக்கு நுழைவுத் தகுதியைத் தளர்த்தி, ஆய்வுக்காகவே 1916 மார்ச்சில் பி.ஏ. பட்டம் தந்தது.

இன்று அதே கோப்பு வந்தால்? பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, பி.எச்டி.யில் சேர முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், அல்லது நான்காண்டு இளங்கலையில் 75. சில பிரிவினருக்கு ஐந்து சதவீதச் சலுகை உண்டு. அதற்கு வெளியே நிற்பவருக்காக ஒரு பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு எவ்வளவு மனம் வைத்தாலும் குறைந்தபட்சத் தகுதியில் கை வைக்க முடியாது. மேற்பார்வை மட்டும் மாறவில்லை: செமஸ்டருக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும்.

அன்று விதியைத் தாண்ட வழி தேடிய அலுவலகம், வந்த காகிதத்தைப் பத்திரப்படுத்தத் தவறிவிட்டது. மூன்று அறிக்கைகளின் மூலப் பிரதிகளும் தொலைந்துபோயின. 1925-ல் ஒருவர் உட்கார்ந்து எழுதி எடுத்த கையெழுத்து நகல்தான் மிச்சம்.

(தொடரும்)