பழைய விளையாட்டு, புதிய கணினி

உங்கள் அலுமாரியில் பழைய பிளொப்பிகள் இருக்கின்றனவா? தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

அவற்றில் பழைய விளையாட்டுகள் இருக்கலாம். உதாரணமாக, 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா' 1989இல் வெளிவந்த விளையாட்டு. டொஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான அதன் பதிப்பு இன்றைய விண்டோஸ் 11இல் நேரடியாக இயங்காது. அது 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் பழைய கணினியொன்றைப் புதியதற்குள்ளேயே உருவாக்கித் தருகிறது. விளையாட்டு கண்மண் தெரியாமல் ஓடினால், கன்ட்ரோலுடன் எஃப் 11ஐ அழுத்துங்கள், வேகம் குறையும். எஃப் 12 கூட்டும்.

மூன்றரை அங்குல பிளொப்பியை வாசிக்க யூஎஸ்பி பிளொப்பி டிரைவ் போதும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களில் விசாரித்துப் பாருங்கள். ஐந்தேகால் அங்குலம் என்றால் அது உதவாது.

கல்கிசை, வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளின் ஈரக்காற்றில் பிளொப்பித் தட்டுகளில் பூஞ்சணம் பிடிக்கும். அப்படியே செருகினால் வாசிக்கும் முனையும் பழுதாகும். முதலில் மூடியை நகர்த்தி, உள்ளே பாருங்கள். தட்டு திறந்தால், விளையாடுவதற்கு முன்பே பிரதி எடுத்துவிடுங்கள்.

'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா'வை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரும், தொலைந்ததாக நினைத்த அதன் மூல நிரலை 2012இல் பழைய தட்டுகளிலிருந்தே மீட்டார்.