புளிப்பை நம்பி இருக்கும் இனிப்பு

கானாவிலிருந்து காங்கோ வரையிலான வெப்பமண்டலக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் மெதுவாக வளரும் ஒரு குத்துச்செடி உண்டு. சப்போட்டா, இலுப்பை, மகிழம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் சின்செபாலம் டல்சிஃபிகம். இதன் சிவந்த பழம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். உள்ளே ஒரே ஒரு விதை, அதன்மேல் மெல்லிய சதை. அந்தச் சதைக்குச் சொல்லிக்கொள்ளும்படியான ருசி கிடையாது. ஆனால் அதை வாயில் சற்று நேரம் ஒதுக்கி வைத்திருந்துவிட்டு எலுமிச்சையைக் கடித்தால், சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டதுபோல் தித்திக்கும். 'அதிசயப் பழம்' என்ற பெயர் இப்படித்தான் வந்தது. சர்க்கரைக்கு இதுவே மாற்று என்ற விளம்பரமும் கூடவே வந்தது. அந்த விளம்பரம் பழத்தின் இயல்பையே தவறாகப் புரிந்துகொண்டது என்பது என் கருத்து.

பழத்தில் வேலை செய்வது மிராகுலின் என்ற புரதம். இரண்டு ஆய்வுக் குழுக்கள் 1968-இல் அதைத் தனித்தனியே பிரித்தெடுத்தன. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் அது போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு சும்மா கிடக்கும். வாயில் அமிலம் சேர்ந்தால்தான் அந்த ஏற்பியை முடுக்கிவிடும். எச்சில் அமிலத்தைக் கழுவியதும் மறுபடி அடங்கிவிடும். ஆனாலும் ஏற்பியில் ஒட்டியபடியே இருப்பதால் இந்த விளைவு அரை மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். ஆக, இனிப்பின் அளவைத் தீர்மானிப்பது உணவிலுள்ள புளிப்புதான். பால் சேர்த்த டீ இதனால் இனிக்காது, சோறும் இனிக்காது. புளி ரசம் இனிக்கும். அதை யார் கேட்டார்கள்?

மேற்கு ஆப்பிரிக்க மக்கள் இந்தக் கணக்கை வேதியியல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் அவர்கள் இப்பழத்தை மெல்லுவதைப் பிரெஞ்சுப் பயணி தெ மார்ஷே 1725-இல் கண்டார். புளித்த சோள மாவு உணவுக்கும், புளித்துப்போன பனங்கள்ளுக்கும் முன்னால் இதைத் தின்பதாக 1852-இல் பிரித்தானிய மருத்துவர் டேனியல் எழுதினார். புளிப்பு மிகுந்த உணவுக்கு வாயைத் தயார்செய்யும் பழம் இது. அங்கே அது சரியாகப் பொருந்துகிறது.

சர்க்கரை முதலாளிகள் சதி செய்யாதிருந்தால் இது உலகையே பிடித்திருக்குமே என்பார்கள் சிலர். அமெரிக்காவில் மிராலின் என்ற நிறுவனம் இதை மாத்திரையாக்கி விற்க முனைந்தது. 1974-இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இதை 'உணவுச் சேர்க்கைப் பொருள்' என வகைப்படுத்தி, கூடுதல் சோதனைகள் வேண்டும் என்றது. நிறுவனம் சரிந்தது. பின்னணியில் யார் இருந்தார்கள் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. சதி நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும் பழத்தின் குணம் மாறப்போவதில்லை. சூடேற்றினால் புரதம் சிதைந்துவிடும். கேக்கில் போட்டுச் சுட முடியாது. பறித்த பழம் விரைவில் கெடும். செடி பழம் தரவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். இன்னொன்றையும் விளம்பரங்கள் சொல்வதில்லை: நாக்குக்கு எலுமிச்சை இனித்தாலும், அதன் அமிலம் அப்படியேதான் இருக்கிறது. ருசியில் மயங்கி அளவில்லாமல் தின்றால் வாய் புண்ணாகும், பல்லின் எனாமல் அரிபடும்.

உற்பத்திச் சிக்கலைத் தொழில்நுட்பம் தீர்த்துவிடாதா என்று கேட்கலாம். ஓரளவு தீர்க்கும். ஜப்பானில் மரபணு மாற்றிய தக்காளியிலேயே மிராகுலினை விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். உறைய வைத்து உலர்த்திய பழத்தூள் மாத்திரையாகவும் விற்பனைக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் உலர்ந்த பழத்தைப் புதுவகை உணவாக அனுமதித்தது. கீமோதெரபியால் நாக்கில் ருசி கெட்டுப்போன நோயாளிகளுக்கு இது உதவுமா என்றும் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எனக்குப் பொருத்தமாகப் படுவது இந்தக் கடைசி முயற்சிதான். அங்கே இதைச் சர்க்கரையின் இடத்தில் வைக்கவில்லை. சாப்பாடே கசந்துபோனவர் நாலு கவளம் உண்ண முடிகிறதா என்று பார்க்கிறார்கள்.