ஜோதி ஏன் திரும்பிச் செல்கிறாள்? ‘கன்யாதான்’ நாடகத்தை வாசித்தல்

விஜய் டெண்டுல்கர் 1983இல் மராத்தியில் எழுதிய ‘கன்யாதான்’ நாடகத்தின் இறுதியில், கருவுற்றிருக்கும் ஜோதி தன்னை அடித்து உதைக்கும் கணவனிடமே திரும்பிச் செல்கிறாள். பெற்றோர் வீட்டின் கதவு திறந்தே இருக்கிறது. ஆயினும் அங்குத் தங்க மறுக்கிறாள். இம்முடிவு சாதி ஒழிப்பையும் பெண் விடுதலையையும் ஒருசேரப் பேசும் நம்மைத் தொல்லைப்படுத்துகிறது.

ஜோதி புனேயின் பார்ப்பனக் குடும்பத்தைச் சேர்ந்தவள். தந்தை நாத் தேவ்லாலிகர் சோசலிசவாதி, சட்ட மேலவை உறுப்பினர். தலித் கவிஞனான அருண் அதாவலேவை மணக்க மகள் விரும்புகையில் தாயும் உடன்பிறந்தானும் தயங்குகின்றனர்; நாத் மட்டும் மகிழ்கிறார். தம் கொள்கை தம் வீட்டிலேயே நிறைவேறுவதாக அவர் கருதுகிறார். மணத்திற்குப் பின் அருண் குடிக்கிறான், அடிக்கிறான். அவனுடைய தன்வரலாற்று நூல் பாராட்டப்படும் கூட்டத்தில், உள்ளத்தில் வெறுப்பை வைத்துக்கொண்டு நாத் புகழ்ந்து பேசுகிறார்.

இந்நாடகத்தின் மீது தலித்துகள் கொண்ட சினம் நியாயமானது. டெண்டுல்கர் மீது செருப்பு வீசப்பட்டது. பின்னர் இதே நாடகத்திற்கு அவருக்குச் சரஸ்வதி சம்மான் வழங்கப்பட்டது. நாடகத்தின் பெரும்பகுதி நாத்தின் வீட்டுக் கூடத்திலேயே நிகழ்கிறது. அருணின் பெற்றோர் மேடைக்கு வருவதே இல்லை. டெண்டுல்கரின் ‘சகாராம் பைண்டர்’ (1972) நாடகத்தில் பெண்களை வதைக்கும் சகாராம் பிறப்பால் பார்ப்பனன். அவனுடைய கொடுமை ஓர் ஆணின் கொடுமையாகவே வாசிக்கப்படுகிறது. அருணின் கொடுமையோ அவன் பிறப்போடு பிணைக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டை நாம் சுட்டிக்காட்டியே ஆகவேண்டும்.

ஆனால் அத்துடன் நின்றால் ஜோதியைத் தவறவிடுவோம். அவள் கணவனே தெய்வம் என வாழும் பத்தினியும் அல்லள். ஏதுமறியாத பலியாடும் அல்லள். தந்தையின் பொய்ப் புகழுரையைக் கேட்டபின், அவரை நேருக்கு நேர் நின்று விசாரிப்பவள் அவளே. எம்மனிதரும் பிறவியிலேயே தீயவரல்லர், போராட்டத்தில் புறமுதுகு காட்டலாகாது என்றெல்லாம் கற்பித்தவர் தந்தை. அதனை அவள் மெய்யென நம்பினாள். இப்போது அவனைக் கைவிட்டால் தான் வளர்க்கப்பட்ட விதமே பொய்யாகும். கைவிடாவிட்டால் அடிகளைச் சுமக்கவேண்டும். அவள் இரண்டாவதைத் தேர்கிறாள். இனித் தான் தேவ்லாலிகர் வீட்டுப் பெண்ணல்லள், அருணின் மனைவி என அறிவிக்கிறாள். தந்தையை நிராகரிக்கும் துணிவும் கணவனுக்குள் கரைந்துபோகும் தோல்வியும் ஒரே செயலில் கலந்திருப்பதே அவளைக் கடினமான பாத்திரமாக்குகிறது.

அண்ணல் அம்பேத்கரை இங்கு நினைவுகூர்வோம். பெண்ணைக் கட்டுப்படுத்தியே அகமணமுறை நிலைக்கிறது என 1916இல் அவர் விளக்கினார். 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் கலப்புமணமே உண்மையான தீர்வு என்றார். அதனைத் தடுக்கும் சாத்திரங்களின் புனிதத்தைத் தகர்க்கவேண்டும் என்றும் உடனே வலியுறுத்தினார். நாத் முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதைத் தாண்டிச் செல்கிறார். தம் சாதிக்குள் நின்று போரிட வேண்டியவர், மகளின் திருமணத்தைத் தம் கொள்கைக்கான சோதனைக்களமாக்குகிறார். நாடகத்தின் பெயரும் அதையே சொல்கிறது: சீர்திருத்தவாதியின் வீட்டிலும் பெண் தானப்பொருளே. அருண் அவருக்கு மருமகன் ஆகுமுன்பே கொள்கைக்கான சான்றாகிவிட்டான்.

எனவே ஜோதியின் முடிவை நாம் இலட்சியமாக்க வேண்டியதில்லை. அடிபட்டு வாழ்வது சாதி ஒழிப்பு ஆகாது; அடிப்பவன் ஒடுக்கப்பட்டவன் என்பதால் அடி நியாயமாகிவிடாது. அதேவேளை, அவள் துயரத்தைக் காட்டிச் சாதி மறுப்பு மணங்களையே பழிப்போருக்கும் நாம் இடந்தரலாகாது. இந்நாடகத்தை வாசிக்கும், அரங்கேற்றும் மாணவர்கள் ஜோதி ஏன் போனாள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், தானமாகவும் சான்றாகவும் அல்லாது அவள் அவளாகவே வாழ்ந்திருக்கக்கூடிய வீடு எது என்றும் கேட்கவேண்டும். அத்தகைய வீடு அந்த மேடையில் இல்லை. அதைக் கட்டும் பொறுப்பு நம்முடையது.