உதடு ஓய்ந்தது, இசை ஓயவில்லை

நீண்ட பித்தளைக் குழலை உதடுகளில் அழுத்தி ஊதி, அதன் நெகிழும் பகுதியை முன்னும் பின்னும் இழுத்துச் சுரங்களை எழுப்புவர். டிராம்போன் எனப்படும் இக்கருவிக்குக் கலைஞனின் மூச்சும் உதடும் தாடையுமே ஆதாரம். தாடை பழுதுபட்டால் அக்கலைஞனின் கதி யாது? தம் வாழ்வையே இவ்வினாவிற்கு விடையாக்கியவர் அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர் டேவிட் பேக்கர்.

இந்தியானாபொலிஸ் நகரில் 1931 டிசம்பர் 21-ஆம் நாள் கறுப்பினக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். நிறவேற்றுமை கோலோச்சிய காலம் அது. கறுப்பினச் சிறுவர்க்கெனத் தனியே 1927-இல் திறக்கப்பட்ட கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியில் அவர் பயின்றார். ஒதுக்கி வைக்கும் நோக்குடன் எழுப்பப்பட்ட அப்பள்ளியே சிறந்த இசைஞர் பலரை உருவாக்கிற்று. டிராம்போன் மேதை ஜே. ஜே. ஜான்சனும் அங்குப் பயின்றவரே. பின்னர் பேக்கர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இசைக் கல்விப் பட்டங்கள் பெற்றார்.

1953-இல் நேர்ந்த கார் விபத்தில் அவரது தாடை பழுதுபட்டது. எனினும் அவர் ஊதுவதை நிறுத்தவில்லை. மிசூரி மாநிலத்தில் ஆசிரியப் பணி கிடைத்தது. ஆனால் அவர் வெள்ளையினப் பெண்ணொருத்தியை மணந்தார். அத்தகைய திருமணத்தை அம்மாநிலச் சட்டம் அன்று தடை செய்திருந்ததால், பணியைத் துறக்க நேர்ந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்களைச் செல்லாதவையென 1967-இல்தான் தீர்த்தது. இறைவன் இணைப்பதை மனிதன் நிறம் பார்த்துப் பிரிக்க முயன்ற கொடுமையை என்னென்பது!

பின்னர் ஜார்ஜ் ரஸ்ஸல் குழுவில் வாசித்துப் புகழ் பெற்றார். 1961-இல் அக்குழு பதிவு செய்த இசைத்தட்டு இன்றும் போற்றப்படுகிறது. புகழ் முளைவிட்ட அவ்வேளையிலேயே பழைய காயம் மீண்டும் தலைதூக்கியது. டிராம்போனை அவர் கைவிட வேண்டியதாயிற்று.

வேறொருவராயின் விதியை நொந்து முடங்கியிருப்பார். பேக்கரோ, முப்பது வயதைக் கடந்தபின், உதட்டின் துணை வேண்டாத செல்லோ என்னும் நரம்புக் கருவியைத் தொடக்க மாணவரைப்போல் கற்கலானார். பிற்காலத்தில் செல்லோ மேதை யானோஸ் ஸ்டார்க்கருக்கென இசைப் படைப்பே இயற்றினார்.

1966-இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திற்கே ஆசிரியராகத் திரும்பினார். 1968 முதல் 2013 வரை, 45 ஆண்டுகள், அதன் ஜாஸ் கல்வித் துறையை வழிநடத்தினார். அதுவரை ஜாஸ் இசையை இளைஞர் பெரும்பாலும் இரவு விடுதிகளில், மூத்தோர் வாசிக்கக் கேட்டே கற்றனர். அந்த நுட்பங்களை அவர் பயிற்சி முறைகளாக வகுத்தார். எடுத்துக்காட்டாக, ஏழு சுர வரிசையில் இடைச்சுரமொன்றைச் சேர்த்து எட்டாக்கினால், முக்கிய சுரங்கள் தாளத்தின் அடிகளில் பொருந்தி விழும். மேதைகள் செவியால் உணர்ந்து வாசித்ததை, எளிய மாணவனும் பயிலும்படி நூல்களில் விளக்கினார். பீட்டர் எர்ஸ்கின், கிறிஸ் போட்டி முதலிய புகழ்மிக்க கலைஞர்கள் அவரிடம் பயின்றோரே.

2016 மார்ச் 26-ஆம் நாள் அவர் மறைந்தார். அன்று பெரிய சனிக்கிழமை. கல்லறையின் மௌனத்தில் உயிர்ப்பின் விடியலுக்குத் திருச்சபை காத்திருந்த நாள்.

பெற்றோரே, தேர்வில் தோற்றோ, விரும்பிய வாய்ப்பை இழந்தோ உங்கள் பிள்ளை கலங்கி நிற்கும்போது, இக்கலைஞரின் கதையைச் சொல்லுங்கள். மண்ணில் மடியும் கோதுமை மணியே மிகுந்த பலன் தரும் என்பதை அவனும் உணர்வான். ஊத முடியாத ஒருவர் கற்றுத்தந்த இசையை இன்று எத்தனையோ உதடுகள் ஊதிக்கொண்டிருக்கின்றன.