எதிர் வோட்டுப் போட்டவன் எதிரியா?

தேர்தல் முடிந்த மறுநாள் ஊரில் ஒரு புது வேலை தொடங்கிவிடுகிறது. பதிவான வாக்கை அதிகாரிகள் எண்ணி முடித்துவிடுகிறார்கள். தெருவில் நடமாடும் ஆட்களை நாம் எண்ணத் தொடங்குகிறோம்! இவன் நம்மவன், அவன் அவர்களவன். இந்தத் தெரு நல்ல தெரு, அந்தத் தெரு நன்றி கெட்ட தெரு. இவன் விலை போனவன், அவன் விவரம் கெட்டவன். இந்தக் கணக்கெடுப்புக்கு யாரும் நம்மை நியமிக்கவில்லை, சம்பளமும் கிடையாது. நாமாக முன்வந்து செய்கிறோம், அதுவும் ஓய்வு ஒழிச்சலின்றிச் செய்கிறோம்.

தோழர்களே! இந்த வேலையை நாம் விட்டுவிட வேண்டும். கொள்கையை விடச் சொல்லவில்லை. எதிர்க்கட்சியின் தவற்றை மேடை போட்டுச் சொல்லுங்கள், சுவரில் எழுதுங்கள், வீடு வீடாகப் போய் விளக்குங்கள். அது நம் கடமை. ஆனால் கட்சி வேறு. அந்தக் கட்சிக்கு வாக்களித்துவிட்டு நம் பக்கத்துத் தறியில் நிற்கும் தொழிலாளி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் நட்டம் யாருக்கு? எண்ணிப் பார்ப்போம்.

சங்கரன்கோவில் சொல்லும் கணக்கு

வெளியூர்க் கதை வேண்டாம். சங்கரன்கோவில் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 2012 மார்ச்சில் இங்கே இடைத்தேர்தல் நடந்தது. அ.தி.மு.க. 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 'இனி இந்தத் தொகுதி அவர்கள் கோட்டை' என்றார்கள் பலர். நான்கே ஆண்டு கழிந்து 2016-ல் பொதுத் தேர்தல் வந்தது. அதே அ.தி.மு.க.வுக்கு 78,751 வாக்கு, தி.மு.க.வுக்கு 78,262 வாக்கு. வித்தியாசம் 489! 2021-ல் தொகுதி கைமாறியது, தி.மு.க. 5,297 வாக்கில் வென்றது.

2012-ல் எதிர்ப்பு வாக்கு பல கட்சிகளுக்குச் சிதறியது என்பார்கள். உண்மைதான். அப்படியே வைத்துக்கொண்டாலும், பல்லாயிரம் பேர் தங்கள் மனத்தை மாற்றிக்கொள்ளாமல் 68 ஆயிரம் 489 ஆகாது. 489 மறுபக்கம் சாயாது. ஊரை விட்டுப் பழைய மக்கள் போய்ப் புது மக்கள் குடிவந்தார்களா? இல்லை. அதே மக்கள், அதே தறி, அதே தெருக் குழாய். அவர்கள் 2012-ல் முட்டாள்கள், 2016-ல் பாதி அறிவாளிகள், 2021-ல் முழு அறிவாளிகள் என்று ஒரு கட்சிக்காரன் சொல்வான். மற்றக் கட்சிக்காரன் அதையே தலைகீழாகச் சொல்வான். இருவரும் ஒரே மக்களைத்தான் திட்டுகிறார்கள் என்பது இருவருக்கும் தெரிவதில்லை!

இன்னொன்றும் பாருங்கள். தொகுதியில் வாக்குச் சாவடிகள் இருநூறுக்கு மேல். 489-ஐ அவற்றுக்குப் பங்கிட்டால் சாவடிக்கு ஏறத்தாழ இரண்டு வாக்கு. அன்று ஒவ்வொரு சாவடியிலும் இரண்டொருவர் வேறு மாதிரி நினைத்திருந்தால் முடிவே மாறியிருக்கும். அந்த இரண்டொருவர் யார்? நாம் 'இவன் திருந்தமாட்டான்' என்று ஒதுக்கி வைத்த ஆளாக இருக்கலாம். டீக்கடையில் நாம் கேலி பேசி அனுப்பிய ஆளாகவும் இருக்கலாம்.

ஏன் போட்டான் என்று கேட்டோமா?

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். சொந்தமாக இரண்டு நான்கு தறி ஓட்டுபவரும், கூலிக்குத் தறி ஓட்டுபவரும் நிறைந்த ஊர். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2006-ல் தி.மு.க. அரசு கொடுத்தது. அதை 750 யூனிட் ஆக்கியது 2016-ல் அ.தி.மு.க. அரசு. 1000 யூனிட் ஆக்கியது 2023-ல் தி.மு.க. அரசு. இப்போது சொல்லுங்கள்: 'எனக்கு முதலில் கொடுத்தவருக்குப் போட்டேன்' என்று ஒரு தறிக்காரர் சொன்னால் அது துரோகமா? 'கூட்டிக் கொடுத்தவருக்குப் போட்டேன்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அது மடமையா? இருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் முழுமையானதா, அதைவிடப் பெரிய காரணம் நம்மிடம் உண்டா என்று பேசுவதற்குப் பெயர்தான் அரசியல்.

தறிச் செட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"ஏன் அண்ணாச்சி, அந்தக் கட்சிக்கா போட்டீங்க?"

"ஆமா தம்பி. எங்க ஆத்தாளுக்கு முதியோர் பணம் நின்னு போச்சு. மூணு தடவை தாலுகா ஆபீசுக்குக் கூட வந்தது அந்தக் கட்சி ஆளுதான். உங்க ஆளுக யாரும் எட்டிப் பாக்கலியே."

"அது எங்க தப்புதான் அண்ணாச்சி. கூலி ஒப்பந்தம் முடிஞ்சு இத்தனை மாசமாச்சே, அதுக்கு அந்த ஆளு வந்தாரா?"

"அதுக்கு வரல. அதுக்கு நீதாம்ல வந்தே."

இந்தப் பேச்சில் யார் வென்றார்? அண்ணாச்சிக்கு அவமானம் இல்லை. தம்பிக்கு ஒரு பாடம் கிடைத்தது. அண்ணாச்சிக்கு ஒரு நினைப்பு வந்தது. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவர் வருவார். மாறாக, "காசுக்கு விலை போனவன்தானே நீ!" என்று தொடங்கியிருந்தால்? வோட்டு போனது போனதுதான், ஆளும் போயிருப்பார். கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தும் நாளில் அவர் தறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கூலியைக் குறைப்பவர் கட்சி பார்த்துக் குறைப்பதில்லை, தோழர்களே! பீஸுக்கு இவ்வளவு என்றால் எல்லாக் கட்சிக்காரனுக்கும் அவ்வளவுதான். பிரிந்து கிடப்பது நாம் மட்டும்தான்.

காசு வாங்கினான் என்ற பழி

'அவன் காசு வாங்கிக்கொண்டு போட்டான்' என்பது எளிதில் வாயில் வரும் சொல். காசு நடமாடுவது பொய்யல்ல. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்தது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையே ரத்து செய்தது. ஆனால் இந்தக் குற்றத்தில் பெரிய பங்கு யாருக்கு? ஒரு நாள் கூலியை ஒரு கவருக்குள் வைத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவனுக்கா, வாங்கியவனுக்கா? வாங்கியவன் எல்லோரும் கொடுத்தவனுக்கே போட்டான் என்பதற்கும் சாட்சி இல்லை. பணம் கொடுப்பவனை ஊரறியக் கண்டியுங்கள். வாங்கியவனிடம் தனியாகப் பேசுங்கள். நாம் செய்வதோ பெரும்பாலும் தலைகீழ்: கொடுத்த பெரிய மனிதருக்குக் கும்பிடு, வாங்கிய ஏழைக்குத் திட்டு!

நீதிபதிக்கே இல்லாத உரிமை

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 94-ஆம் பிரிவில் என்ன சொல்கிறது தெரியுமா? 'நீ யாருக்கு வாக்களித்தாய்' என்று எந்தச் சாட்சியையும், வேறு எவரையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நீதிமன்றத்திலேயே கட்டாயப்படுத்த முடியாது! 128-ஆம் பிரிவு, வாக்குப்பதிவிலும் எண்ணிக்கையிலும் கடமை செய்கிற அதிகாரி, எழுத்தர், முகவர் எல்லோரும் ரகசியம் காக்க வேண்டும், மீறினால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. சாவடியில் முகவராக உட்காரும் நம் தோழரையும் அது கட்டுப்படுத்தும். நீதிபதிக்கே இல்லாத உரிமை டீக்கடை பெஞ்சுக்கு எங்கிருந்து வந்தது?

தனி ஆளின் வோட்டு தெரியாவிட்டாலும் தெருவின் வோட்டு தெரிந்துவிடுகிறது. இதுதான் இன்றைய ஆபத்து. வாக்குச் சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது. இயந்திரம் வந்த பின் சாவடி வாரியாகக் கணக்கு வெளிவருகிறது. பல சாவடிகளின் கணக்கைச் சேர்த்துக் காட்டும் கருவியை வைக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-ல் யோசனை சொன்னது. சட்ட ஆணையமும் 2015-ல் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

விளைவு? 'அந்தத் தெரு நமக்குப் போடவில்லை. அங்கே எதற்குச் சாக்கடை, எதற்குத் தெருவிளக்கு?' என்று ஒருவன் சொல்லலாம். அந்தத் தெருவில் பாதிப் பேர் நமக்கே போட்டிருப்பார்கள். யாருமே போடாவிட்டாலும் குடிதண்ணீர் கட்சிச் சொத்தா? எந்தக் கட்சி ஆளானாலும், நம் கட்சியே ஆளானாலும், வோட்டுக்குப் பழிவாங்கத் தண்ணீரை நிறுத்துகிறவனை நாம் எதிர்த்தே தீரவேண்டும். ஒரு மனிதனை அவன் செய்த செயலுக்காக நிறுத்திவைத்துக் கேளுங்கள். தண்ணீரை மறித்தானா? தீண்டாமை பாராட்டினானா? தொழிலாளியைக் காட்டிக் கொடுத்தானா? கேளுங்கள், விடாமல் கேளுங்கள். போட்ட வோட்டுக்காகக் கேட்காதீர்கள்.

பெரியவர்கள் நடந்த வழி

'எதிர்த்தவனிடம் என்ன பேச்சு?' என்று மார்தட்டுவோர் 1967-ஐ நினைக்க வேண்டும். அந்தத் தேர்தலில் பெரியார் காங்கிரசை ஆதரித்தார், தி.மு.க.வை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். 1949-ல் ஏற்பட்ட பிரிவு பதினெட்டு ஆண்டாக நீடித்திருந்தது. வெற்றி பெற்ற அண்ணா என்ன செய்தார்? பதவி ஏற்பதற்கு முன்பே திருச்சிக்குப் போய்ப் பெரியாரைச் சந்தித்தார். எதிர்த்தவர் கைகொடுக்கும் நண்பரானார். பெரியாரும் ராஜாஜியும் நெடுங்காலம் கொள்கையில் மோதியவர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டவர் பெரியார். இவர்கள் யாரும் கொள்கையில் ஓர் அங்குலமும் தளர்ந்தவர்கள் அல்ல.

இந்தப் பண்பு போனால் என்ன ஆகும்? அமெரிக்காவைப் பாருங்கள். தன் பிள்ளை மாற்றுக் கட்சிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் மனம் வருந்துவேன் என்று 1960-ல் அங்கே சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். 2010-ல் அதே கேள்விக்கு ஒரு கட்சியில் மூன்றில் ஒரு பங்கினரும், மற்றக் கட்சியில் ஏறத்தாழப் பாதிப் பேரும் அப்படிச் சொன்னார்கள். 2021 ஜனவரி 6-ல், தேர்தல் முடிவை ஏற்காத கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்தது. முதலில் சம்பந்தம் அறுந்தது. பிறகு சட்டமே அறுந்தது.

நம் ஊருக்கு ஏற்கெனவே ஒரு கதை உண்டு. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் கதையாகவே கொள்ளட்டும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் ஓயாத சண்டை. கோமதி அம்மன் தவம் இருந்தாள். பாதி சங்கரனும் பாதி நாராயணனுமாக ஓருரு தோன்றியது. ஆண்டுதோறும் ஆடித் தபசுக்கு ஊர் கூடுவது அந்தத் தவத்தை நினைத்துத்தான். அந்தக் கதையில் சங்கனும் தோற்கவில்லை, பதுமனும் தோற்கவில்லை. இருவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். 78,751-ம் 78,262-ம் ஒரே ஊரில் இருக்க முடியாதா?

ஆகவே, தோழர்களே, வேலைத் திட்டம் இதுதான். நம் கிளையில் ஒவ்வொருவரும், நமக்கு வோட்டுப் போடவில்லை என்று தாம் கருதும் இரண்டு பேரைப் போய்ப் பாருங்கள். வோட்டுக் கேட்காதீர்கள், யாருக்குப் போட்டாய் என்றும் கேட்காதீர்கள். 'உங்களுக்கு என்ன குறை?' என்று மட்டும் கேளுங்கள். சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து கிளைக் கூட்டத்தில் படியுங்கள். ரேஷன் கடைக் குறையா, கூலிக் குறையா, சாக்கடைக் குறையா, எதுவானாலும் முன்னின்று தீர்க்க முயலுங்கள். சாவடிக்கு இரண்டு பேர்தான் கணக்கு. 489-ஐ எண்ணிப் பாருங்கள், புறப்படுங்கள்!