மின்மினி ஒளியில் ஓர் அளவீடு

கெடா மாநிலத்தின் மெர்போக் ஆற்றங்கரையில் இரவில் மின்மினிகள் மின்னுகின்றன. அவற்றின் உடலிலுள்ள லூசிஃபெரின் எனும் பொருள், லூசிஃபெரேஸ் எனும் நொதியின் துணையால் உயிர்வளியுடன் வினைபுரிந்து ஒளிர்கிறது. இவ்வொளி ஆய்வகத்தில் லாக்டேட்டை அளக்கவும் உதவுகிறது.

உடல் திசுக்களுக்குப் போதிய உயிர்வளி கிடைக்காதபோது லாக்டேட் மிகுகிறது. ஓய்வில் இருப்பவரின் இரத்தத்தில் இது பொதுவாக லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கும் குறைவு. கடும் தொற்றின்போது 4 மில்லிமோலைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

சோதனைக் குழாயில் ஒரு நொதி லாக்டேட்டிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறது. அதைக் கொண்டு மற்றொரு நொதி லூசிஃபெரினை உருவாக்க, லூசிஃபெரேஸ் அதனை ஒளிரச் செய்கிறது. லாக்டேட் கூடக்கூட ஒளியும் கூடும்.

எடுத்த இரத்தத்திலும் உயிரணுக்கள் லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். எனவே, மாதிரியை உடனே குளிரூட்டாவிட்டால் அளவு பிழையாகிவிடும்.