சோறு உண்ணும் ஊரில் கொழுப்புத் தடுப்பு மாத்திரை

எடைக் குறைப்புக்கென வந்த மாத்திரைகளில், மூளையையும் பசியையும் தொடாமல் குடலுக்குள் மட்டுமே வேலை செய்வது ஆர்லிஸ்டாட். இதயத்துக்கு ஊறு விளைவித்த சிபுட்ரமைன் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மனச்சோர்வைத் தூண்டிய ரிமோனபான்ட் அதற்கு முன்பே விலக்கப்பட்டது. ஆர்லிஸ்டாட் இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலப்பதால், அத்தகைய கேடுகளுக்கு அதில் இடம் குறைவு.

ஸ்ட்ரெப்டோமைசஸ் டாக்சிட்ரிசினி என்னும் நுண்ணுயிர் உண்டாக்கும் லிப்ஸ்டாட்டின் என்ற பொருளிலிருந்து ரோஷ் நிறுவனம் உருவாக்கிய இம்மருந்துக்கு அமெரிக்காவில் 1999-இல் ஒப்புதல் கிடைத்தது. எண்ணெயும் நெய்யும் டிரைகிளிசரைடு என்னும் பெரிய மூலக்கூறுகளாக இருப்பதால் அப்படியே குடற்சுவரைக் கடக்க இயலாது. இரைப்பையும் கணையமும் சுரக்கும் லிபேஸ் என்னும் நொதி, அதாவது செரிமானத்தை நடத்தும் புரதம், அவற்றை உடைத்த பின்னரே உடல் ஏற்கிறது. ஆர்லிஸ்டாட் அந்நொதியோடு பிணைந்து அதை முடக்கிவிடுவதால், 120 மில்லிகிராம் வீதம் மூன்று வேளையும் உணவோடு உட்கொள்பவரிடம், உண்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு செரிக்காமல் மலத்தோடு வெளியேறுகிறது.

பக்கவிளைவுகள் பெரும்பாலும் இவ்வாறு வெளியேறும் எண்ணெயால் வருபவை: உள்ளாடையில் எண்ணெய்க் கசிவு, வாயு பிரியும்போது கசிவு, அடக்க முடியாத மலவேகம். பொரித்ததையும் வறுத்ததையும் உண்ட நாளில் இவை மிகும். ஆரணிப் பட்டு நெய்யும் தேவிகாபுரத்தில், பகல் முழுதும் தறியில் அமர்ந்து விலையுயர்ந்த சேலையை நெய்பவருக்கு இது சிறு தொல்லை அன்று. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களின் உறிஞ்சலும் குறைவதால், வைட்டமின் மாத்திரையை இரண்டு மணி நேரமாவது தள்ளி உட்கொள்ள வேண்டும். கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படுவது மிக அரிது; எனினும் 2010-இல் அந்த எச்சரிக்கையும் மருந்துக் குறிப்பில் சேர்க்கப்பட்டது.

இவற்றைப் பொறுத்துக்கொண்டு கிடைக்கும் பயன் எவ்வளவு? ஸ்வீடனில் 3,305 பேரிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான நான்காண்டு ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு இம்மருந்தையும் உட்கொண்டோர் சராசரியாக 5.8 கிலோவும், மருந்தில்லாப் போலி மாத்திரை உட்கொண்டோர் 3 கிலோவும் குறைந்தனர். நீரிழிவு வரும் வாய்ப்பும் மருந்து உட்கொண்டோருக்கு 37 விழுக்காடு குறைந்தது. மதிக்கத்தக்க பயன்தான், ஆனால் அது ஐரோப்பிய உணவுத் தட்டில் கண்ட பயன். இந்தியர் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வு 2025-இல் காட்டியது; ஆர்லிஸ்டாட்டோ மாவுச்சத்தை அறவே தடுப்பதில்லை. நாளொன்றுக்கு 50 கிராம் கொழுப்பு உண்பவரிடம் அது தடுப்பது 15 கிராம், அதாவது 135 கலோரி. 100 கிராம் சோற்றிலுள்ள ஆற்றலும் ஏறத்தாழ அதுவே. கையும் காலும் ஓயாது இயங்கினும் உடல் இடம்பெயராத தறி வேலையில் இருப்பவருக்கு, மூன்று வேளை மாத்திரையைவிட ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து மாலையில் நடப்பதே முதல் மருத்துவமாக இருக்கத் தகும்.

கருவுற்றோரும், பித்தநீர்த் தேக்கம் உடையோரும் இதை உட்கொள்ளலாகாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்வோருக்குத் தொடர் கண்காணிப்பு தேவை. ஆதலால் மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்காமல், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே வாசகர்கள் இதைத் தொடங்க வேண்டும்.